பந்தும் மருந்தும்: டாக்டர் தாலிமெரன் ஆவோவின் வாழ்வு

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள். லண்டன் மாநகரின் கிழக்கே இல்ஃபர்டு என்னும் ஊரிலுள்ள கிரிக்கிள்ஃபீல்டு திடலில் இந்தியக் கால்பந்து அணி பிரான்சு நாட்டு அணியை எதிர்கொண்டு நின்றது. விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவுறாத நாடு, விடுதலைக்குப் பின் ஆடிய முதல் பன்னாட்டுக் கால்பந்துப் போட்டி அது. இரண்டு நாள்களுக்கு முன்னர், வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் விழா தொடங்கியபோது, இந்திய வீரர்களின் முன்னே மூவண்ணக் கொடியை ஏந்திச் சென்றவரே கால்பந்து அணியின் தலைவராகவும் களமிறங்கினார். அவருக்கு அப்போது வயது 30. தொழிலால் அவர் ஆட்டக்காரர் அல்லர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஒன்றின் மாணவர். பிறப்பால் நாகர் மலையைச் சேர்ந்தவர். களத்தில் அவர் நின்ற இடம் ஹாஃப்பேக். பெயர் தாலிமெரன் ஆவோ.

கோல் அடித்தவரை ஊர் தோளில் தூக்கிக் கொண்டாடும். கோலைத் தடுத்த காவலரையும் ஓரளவு நினைவில் வைத்திருக்கும். இவ்விருவருக்கும் இடையே நின்று, ஆட்டம் முழுவதையும் தன் கால்களில் சுமப்பவரை அது எளிதில் மறந்துவிடும். ஆவோவின் வாழ்க்கை வரலாறு அத்தகைய இடைநிலை மனிதர் ஒருவரின் வரலாறு. ஆட்டத்தைத் தன் முழுத் திறமையோடு ஆடிய அவர், அதைவிடப் பெரிதென்று தாம் கருதிய கடமைக்காக அதனை மனக்கசப்பின்றி விட்டகன்றார்.

ஹாஃப்பேக் என்னும் இடம்

அந்நாளைய கால்பந்து அணிகள் இன்றுள்ளவை போல் வரிசை கொள்ளவில்லை. கோல் காவலருக்கு முன்னே இருவர். அவர்களுக்கு முன்னே மூவர். அதற்கும் முன்னே, எதிரியின் எல்லையை நோக்கி ஐவர். இந்த 2-3-5 அமைப்பே பல பத்தாண்டுகள் உலகெங்கும் வழங்கியது. நடுவிலுள்ள மூவரே ஹாஃப்பேக்குகள். அவர்களிலும் நடுநாயகமாக நிற்பவர் சென்டர் ஹாஃப். எதிரணி பாய்ந்து வருங்கால் அவர் பின்னோக்கி ஓடிப் பந்தை மறிக்க வேண்டும். பந்து கிடைத்த மறுகணமே முன்னணியிலுள்ள ஐவரில் யார் தனித்து நிற்கிறார் என்று கண்டு, அவர் காலடிக்கு அதை அனுப்ப வேண்டும். தடுப்பதும் கொடுப்பதும் ஒருவரே.

1925ஆம் ஆண்டு ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டபின், இங்கிலாந்தில் ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, வெறும் தடுப்பாளராக நிறுத்தும் முறையை வலுப்படுத்தினார். ஐரோப்பா மெல்ல மெல்ல அவ்வழியே சென்றது. இந்தியாவிலோ 1940களிலும் பழைய அமைப்பே செல்வாக்குடன் விளங்கியது. எனவே ஆவோ ஆடிய காலத்து இந்தியக் களத்தில் சென்டர் ஹாஃப் என்பவர் அணியின் இதயம் போன்றவர்.

இதே பெயர் அமெரிக்க நாட்டுக் கால்பந்தில் வேறு பொருள் தருவது சுவையானது. அங்கே ஹாஃப்பேக் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரிகளின் கூட்டத்தைக் கிழித்து ஓடுபவர். அணியின் புகழனைத்தும் அவருக்கே சேரும். ஆயினும் அங்கும் ஆட்டத்தினும் வாழ்வைப் பெரிதாக எண்ணியவர்கள் இருந்தனர். பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை எனப் பெயர் பெற்ற பரிசினை 1935இல் முதன்முதலாக வென்ற ஹாஃப்பேக் ஜே பெர்வாங்கர், மறு ஆண்டு தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தபோது முதல் பெயராக அழைக்கப்பட்டும், ஒரு தொழில்முறை ஆட்டமும் ஆடாமல் வேறு தொழிலுக்குச் சென்றார். ஆவோ லண்டனில் ஆடிய அதே 1948இல் அப்பரிசைப் பெற்ற டோக் வாக்கர், டெட்ராய்ட் அணிக்காக ஆறு பருவங்கள் மட்டுமே ஆடி, புகழின் உச்சியிலேயே விலகினார். அவர்கள் வணிகத்திற்குச் சென்றனர். ஆவோ சென்றது மருத்துவமனைக்கு.

மலையூர் மைந்தன்

தாலிமெரன் ஆவோ 1918ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சாங்கி என்னும் ஊரில் பிறந்தார். அன்று அது அஸ்ஸாம் மாகாணத்து நாகர் மலை மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று நாகாலாந்து மாநிலத்தில் உள்ளது. 'ஆவோ' என்பது அவர் பிறந்த நாகர் குலத்தின் பெயர். தந்தை சுபோங்வதி கிறித்தவ சபைப் போதகர். பன்னிரு மக்கள் கொண்ட பெரிய குடும்பம். தந்தையார் இம்பூர் மிஷன் வளாகத்திற்குக் குடிபெயர்ந்தபோது, அங்குள்ள திடலே சிறுவனின் முதற் களமாயிற்று. தோற்பந்து வாங்க வழியில்லை. கந்தல் துணிகளைச் சுருட்டிக் கட்டிய பந்தே கிடைத்தது. துணிப்பந்து துள்ளாது, உதைத்த இடத்திலிருந்து நெடுந்தொலைவு ஓடாது. அதைக் காலருகே வைத்துக்கொண்டே நகர்த்த வேண்டும். வறுமை கற்பித்த இந்தப் பாடம் பின்னாளில் கல்கத்தாவின் பெருந்திடல்களில் அவருக்குத் துணை நின்றது எனலாம்.

1935ஆம் ஆண்டு தந்தையார் நச்சுக் காய்ச்சலுக்கு இரையானார். தம் மகன் மருத்துவம் பயின்று நாகர் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவரது விருப்பம். அந்த விருப்பமே மகனின் எஞ்சிய வாழ்வுக்குத் திசைகாட்டியாயிற்று. காய்ச்சலுக்குத் தந்தையைப் பறிகொடுத்த 17 வயது இளைஞனுக்கு மருத்துவம் வெறும் பட்டமாக மட்டும் தோன்றியிருக்க முடியாது.

ஜோர்ஹாட்டில் பள்ளிப் படிப்பும், கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் மேற்படிப்பும் தொடர்ந்தன. கௌஹாத்தியில் மகாராணா கழகத்திற்காக அவர் முன்னணி வீரராக ஆடினார். ஓட்டம், தாண்டுதல் முதலியவற்றிலும் பரிசுகள் பெற்றார். 1942இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மலையிலிருந்து இறங்கிய மாணவர் பெருநகரின் நடுவே வந்து நின்றார்.

கல்கத்தா

அவர் காலடி வைத்த கல்கத்தா அமைதியான நகரமன்று. போரின் நிழல் படர்ந்திருந்தது. 1943இல் வங்கப் பஞ்சம் வந்தது. 1944இன் வேனிலில் சப்பானியப் படை நாகர் மலைக்குள் புகுந்து, கோகிமா நகரமே போர்க்களமாயிற்று. 1946 ஆகஸ்டில் நகரத்தெருக்கள் கலவரத்தில் குருதி சிந்தின. மறு ஆண்டு நாடு பிரிந்தது. இத்தனைக்கும் நடுவே ஒருவர் உடற்கூற்று நூல்களைப் பயின்று, மாலையில் மைதானத்திற்குச் சென்று, இரவில் மீண்டும் நூல்களை விரித்தார்.

1943இல் அவர் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகத்தின் பெயரைக் கேட்ட அளவில் வங்க நெஞ்சங்களில் எழும் நினைவு 1911 ஜூலை 29 ஆகும். அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில், ஒருவர் தவிர மற்றெல்லாரும் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் வீரர்கள், காலணி அணிந்த கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்னும் கணக்கில் வீழ்த்தினர். ஆள்பவரை ஆளப்பட்டவர் வெல்ல முடியும் என்று ஒரு நாடே கண்ணால் கண்ட நாள் அது. அத்தகைய கழகத்தின் உடையை, வங்கமொழி பேசாத மலைநாட்டு மாணவர் ஒருவர் அணிந்தார்.

கோல் அடிக்கும் இடத்தில் ஆடிவந்தவரை அக்கழகம் பின்னுக்கு நகர்த்தி நடுவில் நிறுத்தியது. ஐந்தடி பத்தங்குல உயரம் வான்வழி வரும் பந்துகளைத் தலையால் எதிர்கொள்ள உதவியது. எதிரியின் எண்ணத்தை முன்கூட்டியே உணர்ந்து, பந்து வந்து சேருமிடத்தில் நிற்பதே அவரது சிறப்பு. 1952 வரை அவர் அக்கழகத்தில் ஆடி, அதன் தலைவராகவும் திகழ்ந்தார். வங்க மாகாண அணிக்கும் ஆடினார். இவ்வளவும் ஊதியத்திற்காக அன்று. அந்நாளில் ஆட்டக்காரர் ஆட்டத்தால் பிழைப்பதில்லை. எழுத்தர், தொழிலாளி, படைவீரர், மாணவர் என்று ஒவ்வொருவர்க்கும் வேறொரு வாழ்வு இருந்தது. மாலைப் பொழுது மட்டுமே ஆட்டத்திற்கு உரியது.

இல்ஃபர்டு திடலில்

1948 ஒலிம்பிக் அணியின் பட்டியலைப் பார்க்கும் தமிழர் எவரும் ஒரு கணம் நின்று படிப்பர். ராமன், வரதராஜ், தன்ராஜ், வஜ்ரவேலு என்று செவிக்குப் பழகிய பெயர்கள் வரிசையாக வருகின்றன. இவர்கள் மைசூர் மாநில அணியிலிருந்து வந்தவர்கள். 1946இல் சந்தோஷ் கோப்பை இறுதிப் போட்டியில் வங்கத்தை வீழ்த்திய அணி அது. பெங்களூரின் அகமது கானும் பஷீரும் அவர்களோடு இருந்தனர். தன்ராஜும் அகமது கானும் பின்னர் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் 'பஞ்ச பாண்டவர்' எனப் புகழப்பட்ட ஐவருள் இருவர். தென்னவரும் வங்கரும் வடவரும் கலந்த இக்கூட்டத்திற்கு நாகர் ஒருவர் தலைவர். புதிய நாடு தன்னை உலகுக்குக் காட்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான அணி வாய்த்திருக்க இயலாது.

பிரான்சுடனான ஆட்டத்தில் பஷீர், ஆவோ, மகாவீர் பிரசாத் ஆகிய மூவரும் ஹாஃப்பேக்குகளாக நின்றனர். 30ஆம் நிமிடத்தில் குர்பான் அடித்த கோலால் பிரான்சு முன்னிலை பெற்றது. இந்தியர் தளரவில்லை. 70ஆம் நிமிடத்தில் பெங்களூரின் சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஒலிம்பிக் வரலாற்றில் இந்தியாவின் முதல் கால்பந்து கோல் அது. அவ்வாட்டத்தில் இந்தியாவுக்கு இருமுறை பெனால்டி உதை கிடைத்தது. சைலன் மன்னாவும் மகாவீர் பிரசாத்தும் உதைத்த அவ்விரண்டும் வீணாயின. ஆட்டம் சமநிலையில் முடியும் என்றிருந்த நேரத்தில், 89ஆம் நிமிடத்தில் பெர்சியோன் மற்றொரு கோலை அடித்தார். 1-2 என்று இந்தியா தோற்றது.

தோல்விக் கணக்கு ஏட்டில் நின்றுவிட்டது. ஆனால் திடலில் இருந்தவர்கள் கண்டது வேறு. இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். ஐரோப்பியச் செய்தியாளர்க்கு இது பெருவியப்பு. ஏன் பூட்ஸ் அணியவில்லை என்று வினவியபோது, "நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்" என்று ஆவோ சொன்னதாக ஒரு மறுமொழி இன்றுவரை வழங்கிவருகிறது. ஓரெழுத்து மாற்றத்தில் அமைந்த அந்தச் சிலேடை, அவையில் கேட்டவரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைப்பது. ஆள்பவரின் மொழியிலேயே, அவர் தந்த ஆட்டத்தின் பெயரையே எடுத்து, அதை நமக்கு உரியதாக்கி அவரிடமே திருப்பிக் கொடுத்த சொல் அது. இரட்டுற மொழிதலில் தோய்ந்த தமிழ்ப் புலவர்க்கு இதன் நயம் விளக்க வேண்டுவதில்லை.

ஒலிம்பிக்கிற்குப் பின் அவ்வணி ஹாலந்து சென்று அயாக்ஸ் அணியை 5-1 என்று வென்றது. எனினும் ஆகஸ்ட் 12இல் வெம்பிளியில் இந்திய ஹாக்கி அணி பிரிட்டனை 4-0 என்று வென்று தங்கம் கொண்டபோது, நாட்டின் கண்கள் முழுவதும் அங்கே திரும்பின. அது இயற்கையே.

வெறுங்காலின் பெருமையும் விலையும்

வடசென்னைக்குக் கால்பந்து அயலான ஆட்டமன்று. துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி வாழும் மக்களின் பிள்ளைகள் கிடைத்த வெற்றிடத்திலெல்லாம் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். வியாசர்பாடி நாடறிந்த கால்பந்துப் பகுதி. வெறுங்காலுடன் ஆடுவது என்ன என்பது இங்குள்ளோர்க்கு நூல் சொல்லித் தெரிய வேண்டியதன்று. சூடேறிய மண்ணும், கூழாங்கல்லும், கிழிந்த பெருவிரலும் அதன் பாடங்கள். எனவே ஆவோவின் மறுமொழியைக் கேட்டு மகிழும்போதே, அதன் மறுபக்கத்தையும் நோக்குவது நேர்மையாகும்.

காய்ந்த தரையில் வெறுங்கால் பந்தை உணரும், விரைந்து திரும்பும். நனைந்த புல்லிலோ அது வழுக்கும். 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று வீழ்த்தியது. அந்த ஒரே கோலை அடித்தவர் அகமது கான். அத்தோல்விக்குப் பின்னரே பூட்ஸ் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனும் விரைவிலேயே தெரிந்தது. 1956 மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது; 1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது.

1950ஆம் ஆண்டு பிரேசில் உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் இந்தியா செல்லாததற்கு வெறுங்காலுக்கு விதிக்கப்பட்ட தடையே காரணம் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்தது. அணித் தேர்வில் ஏற்பட்ட கருத்து வேறுபாடும், பயிற்சிக் காலக் குறைவும், அந்நாளில் ஒலிம்பிக்கோடு ஒப்பிட உலகக் கோப்பையைக் கூட்டமைப்பு பெரிதாக மதியாமையும் மெய்யான காரணங்கள் என்பது பிந்தைய ஆய்வாளர் கருத்து. ஒரு நல்ல சிலேடை எவ்வாறு காலப்போக்கில் வரலாற்றின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இது சான்று. வெறுங்கால் ஒரு தன்மானச் சின்னமாக இருந்தது உண்மை. பூட்ஸ் வாங்க இயலாத நாட்டின் நிலையும் அதற்குள் இருந்தது உண்மை. ஆவோவின் மறுமொழி முன்னதை உலகறியச் சொன்னது. பின்னதைப் பேசாமல் காத்தது. தலைவன் ஒருவன் அயலார் முன்னிலையில் வேறெவ்வாறு பேசுவான்?

மலைக்குத் திரும்பிய மருத்துவர்

ஆவோ 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் சேர்ந்தபோது கார்மைக்கேல் என்றிருந்த கல்லூரி, அதற்குள் அதன் நிறுவனர் ராதா கோவிந்த கர் பெயரால் ஆர்.ஜி. கர் கல்லூரி என மாறியிருந்தது. 1942இல் தொடங்கிய படிப்பு முடிய எட்டாண்டுகள். ஆட்டம் அவரது படிப்பின் நேரத்தை எடுத்துக்கொண்டது என்று கொள்ளலாம், இலக்கை எடுத்துக்கொள்ளவில்லை.

நாட்டின் முதல் ஒலிம்பிக் தலைவர் என்னும் புகழோடு கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால், நகரம் அவரைக் கைவிட்டிராது. அவர் தேர்ந்தது வேறு வழி. அஸ்ஸாமின் திப்ரூகரில் மருத்துவப் பணியாற்றிய பின் 1953இல் கோகிமா மருத்துவமனைக்குச் சென்றார். சாலைகள் அரிதான மலைநாடு. காய்ச்சலும் காசமும் மலிந்த காலம். சில ஆண்டுகளுக்குள் நாகர் மலையில் தனிநாட்டு ஆயுதப் போராட்டமும் ராணுவ நடவடிக்கையும் மூண்டன. இந்தியாவின் கொடியை உலகரங்கில் ஏந்தியவர், இந்தியாவோடு தம் மக்களுக்கு இருந்த உறவே வினாவாகிவிட்ட மண்ணில் நாடித் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவருக்கு முன்னால் வந்து கிடப்பவர் எப்பக்கத்தவராயினும் நோயாளியே. இருதரப்புக்கும் இடையே நிற்பது அவருக்குப் பழகிய இடந்தான்; ஆனால் இங்கே நடுவர் இல்லை, ஆட்டம் முடியும் நேரமும் இல்லை.

1963 டிசம்பர் 1இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்தின் நலவாழ்வுத் துறை இயக்குநராக உயர்ந்த ஆவோ 1978இல் ஓய்வு பெற்றார். கால்பந்துக் களத்தில் அவர் கழித்தவை ஏறத்தாழப் பத்தாண்டுகள். மருத்துவப் பணியில் கழித்தவை கால் நூற்றாண்டுக்கும் மேல். 1998 செப்டம்பர் 13இல் அவர் மறைந்தார்.

நினைவும் நன்றியும்

அவரது வாழ்நாளில் கிட்டாத சிறப்புகள் பின்னர் வந்தன. மோகன் பகான் கழகம் தன் உயரிய விருதினை அவர் மறைவுக்குப் பின் வழங்கியது. அஸ்ஸாமின் களியாபோரில் ஒரு விளையாட்டரங்கு அவர் பெயர் தாங்கி நிற்கிறது. நாகாலாந்தில் அவர் பெயரால் கோப்பைப் போட்டி நடைபெற்றுவருகிறது. 2018இல், அவர் பிறந்த நூறாம் ஆண்டில், இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது. ஆயினும் அவர் ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இன்றும் முதலில் கோலையும், தவறிய இரு பெனால்டிகளையும், அந்தச் சிலேடையையுமே சொல்கின்றனர். அவர் தடுத்த பந்துகளையும் கொடுத்த பந்துகளையும் எண்ணி வைத்தவர் இல்லை. ஹாஃப்பேக்கின் விதி அது. மருத்துவரின் விதியும் அதுவே: பிழைத்தவர் எழுந்து தம் வழியே நடந்துவிடுவர்.

பகலெல்லாம் ஆலையிலும் துறைமுகத்திலும் இரும்புச் சந்தையிலும் உழைத்து, இரவில் ஏடெடுத்து எழுதும் கவிஞர் பலர் வாழும் பகுதியில் ஆவோவின் வாழ்க்கை பேசப்படத் தகுந்தது. பிழைப்பு வேறு, கலை வேறு என்று பிரிந்து கிடப்பதை ஒரு குறையாகவே கருதி வருந்துவோர் உண்டு. ஆவோவுக்கு அது குறையாக இருந்ததில்லை. மாலையில் மட்டும் ஆடியவர் மாலையில் அரைமனத்தோடு ஆடவில்லை. ஆட்டத்தை விட்டு நோயாளியிடம் சென்றவர், புகழை இழந்துவிட்டதாகப் புலம்பவும் இல்லை. தந்தையார் விரும்பிய பணிக்குத் தம்மை ஒப்படைத்தபின், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பந்து வந்தபோது அதைத் தடுத்து, உரியவரிடம் சேர்த்துவிட்டு, அடுத்த இடத்திற்கு நகர்ந்தார்.